கேள்வி – பதில்: இரண்டு டேப், ஒரே பட்டியல்

கேள்வி: என் வெப் ஆப்பில் பணிப் பட்டியலை பிரவுசரிலேயே இருக்கும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கிறேன். இரண்டு டேப்களில் திறந்தால், ஒன்றில் சேர்த்த பணி மற்றொன்றில் சேமித்ததும் காணாமல் போகிறது. ஏன்?

பதில்: முழுப் பட்டியலையும் ஒரே கீயில் (சேமிக்கும் தரவுக்கு இடும் பெயர்) வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு டேப்பும், தான் திறந்தபோது படித்த நகலைத்தான் கையில் வைத்திருக்கும். முதல் டேப்பில் நான்காவது பணியைச் சேர்க்கிறீர்கள்; இரண்டாவது டேப்புக்கு இன்னும் மூன்றுதான் தெரியும். அங்கே ஒன்றை டிக் செய்ததும் அந்த மூன்றையே எழுதிவிடும். நான்காவது அழிந்தது.

முதலில், விண்டோவின் 'ஸ்டோரேஜ்' ஈவென்ட்டை, அதாவது சேமிப்பு மாறியதும் பிரவுசர் தரும் அறிவிப்பை, கவனியுங்கள். மாறிய கீ, பழைய மதிப்பு, புதிய மதிப்பு மூன்றும் அதில் வரும். ஆனால் எழுதிய டேப்பில் அது வராது. அதே ஆரிஜினில் (நெறிமுறை, டொமைன், போர்ட் மூன்றும் ஒன்றான முகவரி) திறந்திருக்கும் மற்ற டேப்களுக்கு மட்டும்தான். ஒரே டேப்பில் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று கைவிடுபவர்கள் பலர். ஈவென்ட் வந்ததும் திரையை மட்டும் புதுப்பியுங்கள், அப்போதே மறுபடி சேமிக்காதீர்கள். சேமிக்கும் தரவில் நேர முத்திரை இருந்தால் மதிப்பு ஒவ்வொரு முறையும் மாறும், இரண்டு டேப்களும் ஓயாமல் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும்.

இதோடு ஒவ்வொரு பணியையும் 'பணி:17' என்பதுபோல் தனிக் கீயில் வையுங்கள். மோதல் நடந்தாலும் அந்த ஒரு பணியோடு நின்றுவிடும். படித்து, மாற்றி, திருப்பி எழுத வேண்டிய இடங்களை வெப் லாக்ஸால் (ஒரு நேரத்தில் ஒரு டேப்பை மட்டும் அனுமதிக்கும் பிரவுசர் வசதி) பூட்டுவது நல்லது.

ஏறக்குறைய 5 எம்பிதான் இடம். மீறினால் எழுதும் வரியே பிழை எறியும், அதனால் அந்தப் பிழையைப் பிடிக்கும் ட்ரை–கேட்ச் கட்டாயம். லோக்கல் ஸ்டோரேஜ் எழுத்துச்சரத்தை மட்டுமே ஏற்பதால் தரவை ஜேசன் என்ற உரை வடிவத்துக்கு மாற்ற வேண்டும்; தேதியை அப்படி ஜேசனாக்கினால் திரும்பி வருவது வெறும் எழுத்துச்சரம். ஜாவாஸ்கிரிப்ட்டின் மேப் (கீ–மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) வெற்று ஆப்ஜெக்ட்டாகிவிடும். பட்டியல் பெரிதாகும் என்றால் பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபிக்கு இப்போதே மாறிவிடுங்கள். லோக்கல் ஸ்டோரேஜ் போல அது திரையை உறைய வைக்காது, தேதியும் மேப்பும் அப்படியே தங்கும்.

கேள்வி: மொபைலில் ஆப்பை மூடும்போது கடைசி மாற்றம் சேமிக்கப்படுவதில்லையே?

பதில்: பக்கம் மூடுமுன் வரவேண்டிய 'பிஃபோர்அன்லோட்' ஈவென்ட்டை மொபைலில் நம்ப முடியாது. பக்கம் திரையில் தெரிவதோ மறைவதோ மாறும்போது வரும் 'விசிபிலிட்டிசேஞ்ச்' வந்து நிலை 'ஹிட்டன்' ஆனதும் எழுதுங்கள். தட்டச்சுக்கு இடையில் அரை விநாடி பொறுத்து எழுதும் வழக்கம் இருந்தால், காத்திருக்கும் சேமிப்பையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: சஃபாரியில் சேமித்தது தானாக அழிகிறதே?

பதில்: பயனர் தளத்தைத் தொடாமலே சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினால், ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பை அது அழித்துவிடும். இழக்கக்கூடாத தரவுக்கு சர்வரில் ஒரு நகல் வேண்டும்.