மார்கழிக் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போக முதலில் விளக்கு, அப்புறம் ஸ்வெட்டர்

கேள்வி: காட்பாடியிலிருந்து வேலூருக்குக் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மார்கழி, தைப் பனியில் போனால் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். குளிர்காலத்தில் இது சரிப்படுமா? என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

தாராளமாகச் சரிப்படும். நான் காந்தி நகரிலிருந்து ஆற்காடு ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு வருஷம் முழுக்க சைக்கிளில்தான் போய்வருகிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு டீ குடிக்கலாம் என்று ஆறரைக்கே வாசலில் நிற்பார்கள். அதனால் நான் ஆறு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வேலூரில் சைக்கிள் மிதிக்க நல்ல காலமே கார்த்திகை கடைசியிலிருந்து மாசி நடு வரைக்கும்தான். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயிலில் மத்தியானம் திரும்பி வந்து பாருங்கள், மார்கழியை யாரும் குறை சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் வீட்டில் பயப்படுவது குளிருக்கு. நான் பயப்படச் சொல்வது இருட்டுக்கு.

குளிரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நம்மூர் விடியற்காலை வெப்பம் 18 டிகிரியை ஒட்டி இருக்கும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். சென்னைக்காரர்கள் இங்கே வந்து நடுங்குவதற்குக் காரணம் உண்டு. கடல் பக்கத்தில் இல்லை, சுற்றிலும் மலை. வானம் தெளிந்த இரவில் தரையின் சூடு மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மலைச் சரிவில் மெல்ல இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். பாலாற்றுப் படுகை அப்படிப்பட்ட இடம். சில்க் மில், விருதம்பட்டு வரைக்கும் ஒன்றும் தெரியாது, பாலத்தில் ஏறியதும் சட்டைக்குள் காற்று புகும். ஓடுகிற வேகத்தில் முகத்தில் அடிக்கிற காற்றும் சேர்ந்துகொள்ளும். பாலம் தாண்டினால் சரியாகிவிடும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் மிதிக்கிற உடம்பு பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிற குளிர், மிதிக்கிறவருக்கு இல்லை.

இருட்டு அப்படி விடாது. மே கடைசியில் வேலூரில் சூரியன் சுமார் 5:45க்கே வந்துவிடுகிறது. ஜனவரியில் 6:40 ஆகிவிடும். கடிகாரம் ஒன்றுதான், கிளம்புகிற நேரமும் ஒன்றுதான், ஆனால் கிட்டத்தட்ட ஒரு மணி நேர வெளிச்சம் காணாமல் போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். டிசம்பர் 21, 22 தேதிகளில் பகல் மிகவும் குறைவு, அதற்கப்புறம் நாள் நீளும் என்று படித்திருப்போம். பகல் நீள்வது உண்மைதான், ஆனால் அது சாயங்காலப் பக்கம் நீளுகிறது. காலைச் சூரியன் அதற்குப் பிறகும் ஒரு மாதம் வரை தாமதமாகிக்கொண்டே போகும். ஆகவே பொங்கலைச் சுற்றிய நாட்கள்தான் காலையில் ஓட்டுகிறவருக்கு மிக இருட்டான நாட்கள். அந்த நாட்களில்தான் பனிமூட்டமும் சேர்ந்து வருகிறது.

எனவே காசு செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு பின்பக்கச் சிவப்பு விளக்கு. முன்பக்க விளக்கைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். தெரு விளக்கு உள்ள காட்பாடி ரோட்டில் பள்ளம் ஓரளவு தெரிந்துவிடும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் டவுன் பஸ் டிரைவருக்கும் நீங்கள் தெரிகிறீர்களா என்பதுதான் கேள்வி. சார்ஜ் போடுகிற சின்ன எல்.இ.டி. விளக்கு போதும். சீட்டுக்குக் கீழே, சட்டையோ பையோ மறைக்காத இடத்தில் மாட்டுங்கள். ஸ்வெட்டர் தொங்கி விளக்கை மூடிவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். பழைய டைனமோ வைத்திருந்தால் நல்ல பொருள்தான், கழற்ற வேண்டாம். ஆனால் சாதாரண டைனமோ விளக்கு சக்கரம் நின்றால் அணைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போதுதான் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். அதனால் பின்பக்கத்துக்குத் தனியாக பேட்டரி விளக்கு ஒன்று இருக்கட்டும்.

முன் விளக்கைத் தாழ்த்திக் கட்டுங்கள். மூட்டத்தில் வெளிச்சத்தை நேராக அடித்தால், காற்றில் நிற்கிற நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், எதிரே வெள்ளைத் திரை தொங்குகிற மாதிரி இருக்கும். சக்கரத்துக்கு முன்னால் சில அடி தூரத்துத் தரையைப் பார்க்கிறபடி சாய்த்தால் ரோடு தெரியும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசாது.

அப்புறம் ரேடியம் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கடைகளில் துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். பின் மட்கார்டில் ஒரு பட்டை, முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும், கிராங்க் கைகளில் இரண்டு. பெடலோடு சேர்ந்து மேலும் கீழும் போகிற பளபளப்பை ஒரு டிரைவர் பார்த்தால், ஒரு ஆள் மிதித்துக்கொண்டு போகிறார் என்று உடனே புரிந்துகொள்வார். அசையாத ஒரு புள்ளியைவிட அது கண்ணில் சீக்கிரம் படும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீங்களும் நானும் விரும்பி சைக்கிளில் போகிறோம். அந்த நேரத்தில் ரோட்டில் நம்மோடு வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு வழியில்லாமல் வருகிறவர்கள். துப்புரவுப் பணிக்குப் போகிற அக்காக்கள், இரவு டியூட்டி முடித்துத் திரும்புகிற வாட்ச்மேன்கள், கேன் கட்டிய பால்காரர்கள், மார்க்கெட்டிலிருந்து பூ மூட்டையோடு வருகிறவர்கள். பலருடையது பிள்ளைக்கு பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். பிள்ளை படித்து முடித்தபின் அப்பாவோ அம்மாவோ ஓட்டுகிறார்கள். விளக்கு கிடையாது. மேலே பழுப்புச் சால்வை அல்லது கருநீல ஸ்வெட்டர். மூட்டத்தில் இருபது அடிக்குள் வந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். எங்கள் லேபில் கூட்டிப் பெருக்குகிற அக்காவும் தொரப்பாடியிலிருந்து அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். நான் வாங்கிய ரேடியத்தில் மீதியை அவர் வண்டியில் ஒட்டிக் கொடுத்தேன். "இதுக்கு இவ்ளோ தூரம் தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு என்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கிப் போனார். நீங்களும் வாங்கும்போது ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். வேலை கொடுக்கிற இடங்களே இதை ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சீருடை கொடுக்கிறோம் இல்லையா, அதைவிட இதற்கு ஆகிற செலவு மிகக் குறைவு.

அடுத்தது பிரேக். எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பாய், யார் கியர் சைக்கிள் பற்றிக் கேட்டாலும், "மொதல்ல பிரேக் கட்டையை மாத்து, அப்பாலக்கி கியரைப் பத்திப் பேசலாம்" என்பார். இரும்பு ரிம் ஈரமானால் ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்காது. மழையில்தான் இது என்று நினைக்காதீர்கள். வண்டியை ராத்திரி வெளியே விட்டால் பனியில் ரிம் முழுக்க நனைந்திருக்கும். தெருமுனையில் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கிளம்பியதும் நான்கைந்து சுற்று பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டினால் கட்டையே ஈரத்தைத் துடைத்துவிடும். அலுமினிய ரிம்மில் இந்தத் தொல்லை குறைவு. சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டி வைத்தால் வேலைக்குப் போகும்போது பேண்ட் நனையாது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். வீட்டில் கைக்குக் கிடைப்பது அதுதான், தெரியும். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பித்துவிடும். மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாத எண்ணெய் செயினுக்குள் எப்படி இறங்கும்? மேலே கெட்டியாக நின்று பாலாற்று மணலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் கொஞ்சம் விட்டு, செயினைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிட்டால் போதும். மழையில் நனைந்துவிட்டால் திரும்ப ஒருமுறை விடுங்கள். குளிரில் டயரில் காற்று இறங்கும் என்பார்கள், நம்மூர்க் குளிருக்கு அது கவலைப்படுகிற அளவில் இல்லை.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது லேசாகக் குளிர்கிறது என்றால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் கிரீன் சர்க்கிள் வருவதற்குள் வியர்த்து, அந்த ஈரத்தோடு சிக்னலில் நிற்கும்போது உண்மையாகவே குளிரும். பனியன், முழுக்கைச் சட்டை, மேலே காற்று புகாத மெல்லிய ஜெர்கின் ஒன்று. ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். விரல்தான் முதலில் மரத்துப்போகும், பிரேக் பிடிக்கிறது விரல் என்பதால் சாதாரணத் துணிக் கையுறையாவது போடுங்கள். மங்கி குல்லா போட்டால் காதை முழுக்க அடைத்துவிடும், பின்னால் வருகிற ஹாரன் கேட்காது. மெல்லிய பருத்தித் துணியைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் குளிரும் தாங்கும், சத்தமும் கேட்கும். மஃப்ளர் நுனியைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள், தொங்கவிட்டால் சக்கரத்தில் மாட்டும்.

பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். சளி வருவது வைரஸால். மூடிய பஸ்ஸில் தும்முகிறவர் பக்கத்தில் நின்று வருவதைவிட சைக்கிளில் தனியாக வருவது அந்த விஷயத்தில் நல்லது. ஆனால் வீட்டின் பயத்தை முழுக்க ஒதுக்கவும் மாட்டேன். ஆஸ்துமா உள்ளவருக்குக் குளிர்ந்த காற்றை வேகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும். மூக்கை மூடி ஒரு துணி கட்டி, முதல் கொஞ்ச தூரம் மெதுவாக மிதித்து, மூக்கு வழியாகவே மூச்சுவிட்டுப் பழகுங்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் பையின் மேல் அறையில் இருக்கட்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். வயதானவர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், நெஞ்சு வலி வந்தவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பதுதான் சரி.

பனியைவிட எனக்குக் கவலை புகைதான். விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் இருப்பதால் ரோட்டோரத்தில் யாரோ கொளுத்திய குப்பையின் புகை மேலே போக வழியில்லாமல் மூக்கு உயரத்திலேயே நிற்கும். போகியன்று பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் சொல்லவே வேண்டாம். அந்த ஒரு நாள் நான் சைக்கிளை எடுப்பதில்லை. காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு கணக்கு. புயல் கடலோரத்தோடு முடிந்துவிடும் என்று இங்கே இருக்கிறவர்கள் நினைப்பதுண்டு. 2020 நவம்பரில் நிவர் கரையைக் கடந்தபின் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் நன்றாகவே கொட்டியது. அடுத்த வருஷம் நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாதாரண மழைக்கு ரெயின்கோட் போதும். ஜெர்கின், பேண்ட் எனத் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். போர்வை மாதிரி விரிகிறது பாலத்துக் காற்றில் பாய்மரமாக இழுக்கும். ஒரு கையில் குடையோடு ஓட்டாதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் அடியில் பள்ளமா, தோண்டிப்போட்ட குழியா என்று தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வெட்கப்பட வேண்டாம். கனமழை எச்சரிக்கை வந்தால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வழியைப் பொறுத்தவரை உங்களுக்கு உண்மையான சிரமம் ஒரே இடத்தில்தான், பாலம் இறங்கியதிலிருந்து கிரீன் சர்க்கிள் தாண்டும் வரை. புது பஸ் ஸ்டாண்ட் பஸ்கள், பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகள், ஆட்டோக்கள் எல்லாம் அங்கே கூடும். விடிகாலையில் சிக்னலை மதிக்காமல் வருகிறவர்களும் உண்டு. நான் அங்கே இறங்கி, நடந்து கடந்து, எதிர்ப்பக்கம் போய் ஏறுகிறேன். இரண்டு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆரம்பிக்கிற யோசனை இருந்தால், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே விளக்கோடு ஒருமுறை போய் வந்துவிடுங்கள். வண்டிகள் குறைவாக இருக்கும். எங்கே தெரு விளக்கு எரியவில்லை, எங்கே பள்ளம், ஆபீஸில் வண்டியை எங்கே பூட்டலாம், சட்டை மாற்ற இடம் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டிலிருந்து யாராவது ஒருவரைத் தெருமுனை வரை வரச்சொல்லி, உங்கள் பின் விளக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால் சீட்டுக்குக் கீழே இன்னொரு விளக்கையும் சேர்த்து மாட்டுங்கள்.