கைநழுவிய வீணை

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 53. திருச்சியில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. பதினேழு வயது வரை வீணை கற்றேன். மோகன வர்ணம் வரை வந்திருந்தேன். திருமணத்தோடு எல்லாம் நின்றுபோனது. என் வீணையைத் தங்கை கல்யாணச் செலவுக்காக அப்பா விற்றுவிட்டார். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, பழைய தஞ்சாவூர் வீணை ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. குடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். நுனியில் செதுக்கிய யாளித் தலையின் இடது காது உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. மேல் ஸ்தாயியில், தந்தியை அழுத்தும் இடத்தில் மெழுகில் பதித்திருக்கும் உலோக மெட்டுகளில் இரண்டு பெயர்ந்திருந்தன. ஆனாலும் முதல் தந்தியான சாரணியை ஒருமுறை மீட்டியதும் அந்த நாதம் அறை முழுக்க நின்றது. 28,000 ரூபாய் கேட்டார்கள். சீட்டு எடுத்த பணம் 40,000 என் கையில் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். இந்த வயதில் இவளுக்கு வீணை எதற்கு என்று அவர் நினைப்பதாகத் தோன்றியது. ஞாயிறன்று போகவில்லை. செவ்வாய்க்கிழமை போன் செய்தபோது, சென்னையிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் மகன் லேப்டாப் கேட்டான். 52,000 ரூபாய். சீட்டுப் பணத்தோடு சேமிப்பிலிருந்தும் எடுத்து மறுநாளே வாங்கிக் கொடுத்தேன்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது. போன மாதம் இன்னொரு ஏகாண்ட வீணை வந்தது. 45,000 ரூபாய். நல்ல நிலையில்தான் இருந்தது. 28,000க்குக் கிடைத்ததை விட்டுவிட்டு இதை வாங்குவதா என்று திரும்பிவிட்டேன். அப்படிக் குறையே இல்லாத ஒரு வீணை இனி எனக்கு எங்கே கிடைக்கும்? ஒரு பொருளுக்காக இப்படி வருந்துவது தவறா? இதை எப்படி மறப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

வருந்துவதில் தவறே இல்லை. பொருள்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பதினேழு வயதில் நின்றுபோன ஒன்று முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. அது வலிக்கத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தொடக்கத்தில் குடத்து விரிசலையும் ஒட்டிய காதையும் பெயர்ந்த மெட்டுகளையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிவில் அதே வீணை "குறையே இல்லாத" வீணையாகிவிட்டது. கைக்கு வராத பொருளை மனம் இப்படித்தான் செப்பனிட்டு வைக்கும். அந்த வீணை வீட்டுக்கு வந்திருந்தால் கோடையில் மெழுகு இளகியிருக்கும், ஸ்வரஸ்தானங்கள் நகர்ந்திருக்கும், மெட்டுகளை மறுபடி மெழுகில் பதித்து மேளம் கட்ட ஆள் தேடியிருப்பீர்கள். வராததால் அது மூன்று ஆண்டுகளாகச் சுருதி கலையாமல் உங்களுக்குள் ஒலிக்கிறது. எந்த உண்மையான வீணையாலும் அதோடு போட்டியிட முடியாது.

அமெரிக்க உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1994-இல் இதைப் பற்றி எழுதினார்கள். செய்துவிட்ட தவறுகள் அந்த நேரத்தில் அதிகமாகச் சுடும்; காலம் செல்லச் செல்ல, செய்யாமல் விட்டவைதான் மேலெழுந்து நிற்கும் என்றார்கள். வாங்கி ஏமாந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அந்தக் கணக்கை முடித்திருப்பீர்கள். வாங்காததற்கு முடிவு கிடையாது. வாங்கியிருந்தால் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று கற்பனை வளர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஓரிட் டிகோசின்ஸ்கியும் அவருடன் இருந்தவர்களும் 1995-இல் வெளியிட்டது. மிக நல்ல சலுகை ஒன்றைத் தவறவிட்டவர்கள், அடுத்து வரும் சுமாரான சலுகையையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதும் லாபம்தான் என்றாலும், முதலில் விட்டதை நினைவூட்டுவதால் கசக்கிறது. போன மாதம் உங்களுக்கு நடந்தது இதுதான். 45,000 ரூபாய் வீணையை நீங்கள் பார்க்கவே இல்லை. நடுவில் இருந்த 17,000 ரூபாயைத்தான் பார்த்தீர்கள். அந்தக் கணக்கும் முழுமையானது அல்ல. விரிசலைச் சரிசெய்யும் செலவும் மேளம் கட்டும் கூலியும் சேர்ந்திருந்தால் அந்தப் பழைய வீணை 28,000-இல் நின்றிருக்காது.

சரி, ஆய்வுகள் போகட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது லேப்டாப்தான். அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். வீணைக்கு நாள் கணக்கில் யோசித்தவர், அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள பொருளை மறுநாளே வாங்கியிருக்கிறீர்கள். தயங்குவது உங்கள் சுபாவம் அல்ல. உங்களுக்காக என்று வரும்போது மட்டும்தான் தயங்குகிறீர்கள். கணவர் "உன் இஷ்டம்" என்று சொன்னதற்கு "வேண்டாம்" என்று பொருள் கொண்டதும் நீங்கள்தான். அவர் உண்மையிலேயே மறுத்தாரா? மூன்று ஆண்டுகளில் ஒருமுறையாவது அவரிடம் கேட்டீர்களா? அப்பா விற்ற வீணைக்காக வருந்தியதே இல்லை என்றும் எழுதுகிறீர்கள். அந்த வயதில் அதற்கு இடம் தரப்பட்டிருக்காது. ஸ்ரீரங்கத்து வீணைக்காக நீங்கள் அழும் அழுகையில் பாதி அந்த முதல் வீணைக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். அழுதுவிடுங்கள்.

இந்தப் பழக்கம் நம் பெண்களில் பலருக்குத் தியாகம் என்ற பெயரில் ஊட்டப்பட்டது. எனக்கு அதில் கோபம் உண்டு. வாழ்நாளெல்லாம் வீட்டுக்காகச் சம்பாதித்த ஒருத்தி, தன் சீட்டுப் பணத்தைத் தனக்காகச் செலவு செய்ய யாருடைய முகத்தையோ பார்த்து நிற்க வேண்டுமா? முன்பு "இந்த வயதில் எதற்கு" என்ற காரணம் இருந்தது. இப்போது "பழைய விலை போய்விட்டது" என்ற காரணம் வந்திருக்கிறது. மூன்றாவது காரணம் வருவதற்குள் ஏதாவது செய்யுங்கள்.

மறப்பது எப்படி என்று கேட்டீர்கள். மறக்க முயல வேண்டாம், முதலில் வாசியுங்கள். வீணை வகுப்பு ஒன்றில் சேருங்கள், பெரும்பாலும் அங்கேயே பயிற்சிக்கு ஒரு வீணை இருக்கும். சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எரியும். பிறகு தந்தி பதிந்த அந்தக் கோடு மறுபடி காய்க்கும். ஒரு மாதம் ஆகியும் உட்காரவே மனம் வரவில்லை என்றால் வீணை வாங்க வேண்டாம். அப்படியானால் நீங்கள் தேடுவது வேறு எதையோ. அதைப் பற்றி எனக்கு எழுதுங்கள். விரல் காய்த்துவிட்டால், 28,000 என்ற எண்ணை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று வைத்துக்கொண்டு, இன்றைய விலையையும் இன்று கையில் உள்ள பணத்தையும் மட்டும் பாருங்கள். அந்த 45,000 ரூபாய் வீணை இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள். பார்க்கப் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள், அனுமதி கேட்பதற்காக அல்ல. நீங்கள் சாரணியை மீட்டும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

வீணை வீட்டுக்கு வரும் அன்றே, மேளம் கட்டுபவரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தேவைப்படும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்