எட்டூஃபே: கிராஃபிஷ் பாக்கெட்டைக் கழுவாதீர்கள்

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். கடையில் கிடைக்கும் உறைந்த கிராஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் ஓட்டுயிர்) வால் சதையை வாங்கி, நன்றாகக் கழுவி, வீட்டில் எட்டூஃபே (அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் கெட்டிக் குழம்பு) செய்தேன். குழம்பில் மாவு வாடை அடித்தது. சதை ரப்பர் போல ஆகிவிட்டது. உணவகத்தில் சாப்பிட்ட சுவை துளியும் வரவில்லை. தக்காளி சேர்த்திருந்தால் சரியாகியிருக்குமா?

பதில்: தக்காளியால் இது சரியாகாது. சுவை போனது நீங்கள் பாக்கெட்டைக் கழுவிய இடத்தில்தான்.

மீனையும் இறாலையும் தண்ணீர் தெளியும்வரை அலசுவது நம் கைப்பழக்கம். ஆனால் லூசியானாவில் விற்கும் ஒரு பவுண்டு (454 கிராம்) பாக்கெட்டில் வால் சதையோடு மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். அழுக்கு என்று தோன்றும். அது கிராஃபிஷின் தலைப்பகுதியில் உள்ள செரிமான உறுப்பு. கல்லீரலும் கணையமும் செய்யும் வேலையை ஒன்றாகச் செய்வது. அந்த ஊர்க்காரர்கள் இதைக் கொழுப்பு என்றே சொல்வார்கள். எட்டூஃபேயின் நிறம், மணம், லேசான இனிப்பு எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. அடுத்த முறை பாக்கெட்டை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து உருகவிடுங்கள். சதையைக் குழம்பில் கொட்டிய பிறகு, காலி பாக்கெட்டில் ஒரு கரண்டி சூடான சாறு (இறால் ஓடுகளைக் கொதிக்கவிட்டு வடித்த நீர்; செய்முறை கடைசியில்) விட்டுக் குலுக்கி, அதையும் ஊற்றிவிடுங்கள். வாங்கும்போது லூசியானாவில் பிடித்ததா என்று லேபிளைப் பாருங்கள். சீனாவிலிருந்து வரும் பாக்கெட்டுகள் பலவற்றில் கொழுப்பை முன்பே நீக்கிவிடுகிறார்கள். விலை குறைவு, சுவையும் குறைவு.

ரப்பர் ஆனதற்குக் காரணமும் எளிது. பாக்கெட்டில் இருப்பது ஏற்கெனவே வெந்த சதை. அதைக் குழம்போடு இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் இறுகாமல் என்ன செய்யும்? குழம்பு முழுமையாகத் தயாரான பிறகு போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் போதும்.

இனி மாவு வாடை. அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் வெண்ணெயை உருக்கி, மூன்று மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, மிதமான தீயில் கை விடாமல் கிளறுங்கள். இதுதான் ரூ. ஏழெட்டு நிமிடத்தில் பச்சை வாடை போய், வறுத்த கடலையின் மணம் வரும். நிறம் வெளிர் பொன்னிறமாக இருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். கம்போ என்ற லூசியானா குழம்புக்குச் செய்வதுபோல் கரும்பழுப்பாக்க வேண்டாம். வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள் கருகிக் கசக்கும். மேலும், ரூ கறுக்கக் கறுக்க மாவுச்சத்து சிதைந்து குழம்பைக் கெட்டியாக்கும் திறனை இழக்கும். எட்டூஃபே சோற்றின் மேல் நிற்கும் கெட்டியில் இருக்க வேண்டும்.

உடனே பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயம், ஒரு பச்சைக் குடைமிளகாய், இரண்டு தண்டு செலரி ஆகியவற்றைப் போடுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் லூசியானாவின் கேஜன் சமையல் இல்லை. இங்கே அவசரப்படாதீர்கள். வெங்காயம் குழைந்து கரையும்வரை சிறு தீயில் இருபது நிமிடமாவது ஆகும். பிறகு பூண்டு நான்கு பல், கயென் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகு, உப்பு. இரண்டு கப் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் கட்டி தட்டாது. இன்னும் இருபது நிமிடம் மெல்லக் கொதித்தால் மிச்ச மாவு வாடையும் போய்விடும். கடைசியில் சதை, வெங்காயத்தாள், பார்ஸ்லி. மசாலாத்தூள் எதையும் கூடுதலாகப் போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கிராஃபிஷின் மென்சுவை அதில் முழுகிப்போகும்.

தக்காளி பற்றி: லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பல இனத்தாரின் கலப்பில் உருவான கிரியோல் சமையலில் அது பரவலாக உண்டு. ஆனால் கனடாவின் அகாடியாவிலிருந்து 1755 முதல் துரத்தப்பட்டு லூசியானாவில் குடியேறிய மக்களின் வழிவந்த கேஜன் வீடுகளில் எட்டூஃபேக்குத் தக்காளி சேர்ப்பது அரிது. 1959இல் மாநிலச் சட்டமன்றம் உலகின் கிராஃபிஷ் தலைநகராக அறிவித்த ப்ரோ பிரிட்ஜ் பக்கம் சிலர் ரூகூட வைப்பதில்லை. வெண்ணெயில் குழைந்த வெங்காயமும் அந்த மஞ்சள் கொழுப்பும் மட்டுமே குழம்பாகின்றன. நல்ல பாக்கெட் கிடைத்தால் அந்த முறையையும் முயன்று பாருங்கள். எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

கிராஃபிஷ் பருவம் ஏறக்குறைய ஜனவரி முதல் ஜூன் வரை. மார்ச் முதல் மே வரை உச்சம். மற்ற மாதங்களில் தலையோடு கூடிய இறால் வாங்குங்கள். தலைகளை வெண்ணெயில் வதக்கிக் கரண்டியால் நசுக்கினால் ஆரஞ்சு நிறக் கொழுப்பு இறங்கும். அதில் ஓடுகளையும் தண்ணீரையும் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சாறு தயார். பச்சை இறால் என்பதால், குழம்பில் போட்டபின் நிறம் மாறிச் சுருளும்வரை, மூன்று நான்கு நிமிடம் வேகட்டும். மறுநாளுக்கு எடுத்துவைத்தால் மைக்ரோவேவில் வைக்காமல், சிறிது சாறு விட்டு அடுப்பிலேயே சூடாக்குங்கள்.