கிராக்கோவுக்குக் கையைக் கடிக்காமல் போய்வர: மாணவர் கேள்விகளும் என் பதில்களும்

போலந்தின் கிராக்கோவில் முதுகலை படித்தேன். வேலை கிடைத்து அங்கேயே சில ஆண்டுகள் இருந்தேன். விடுமுறை நெருங்கினால் ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் படிக்கும் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி அனுப்புவார்கள். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். ஊர்ப்பெயரை அங்கே 'க்ராகுஃப்' என்பார்கள். ரயில் அறிவிப்பில் அப்படித்தான் காதில் விழும்.

அக்கா, ஜெர்மனியில ஆகன்ல இருந்து ஆறு பேர் வர்றோம். டிக்கெட் போக தலைக்கு 200 யூரோ இருக்கு. மூணு ராத்திரி, நாலு பகல். தாங்குமா?

தாங்கும். போலந்தில் யூரோ கிடையாது, ஸ்வோட்டிதான். ஒரு யூரோவுக்கு நாலேகால் ஸ்வோட்டி என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் பொது அறைப் படுக்கை ஒரு இரவுக்கு 70 என்றால் மூன்றுக்கு 210. சாப்பாட்டுக்கு நாளைக்கு 70 வீதம் 280. வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்குச் சுமார் 120. ஆஷ்விட்ஸ் போய்வர பஸ்ஸுக்கு 50, டிராமுக்கு 40, அருங்காட்சியகங்களுக்கு 60. கூட்டினால் 760 ஸ்வோட்டி, அதாவது 180 யூரோவுக்குள். மிச்ச 20 யூரோவைத் தொடாதீர்கள். ஆறு பேர் கிளம்பினால் ஒருவருக்காவது மருந்தோ செருப்போ வாங்கவேண்டி வரும். வெள்ளி, சனி இரவுகளில் படுக்கை விலை ஏறிவிடும், ஞாயிறு முதல் புதன் வரை வைத்துக்கொண்டால் நல்லது.

ஞாயிறு வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போலந்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் சூப்பர்மார்க்கெட்டுகள் சட்டப்படி மூடியிருக்கும். தெருமுனைச் சின்னக் கடைகள் சில திறந்திருந்தாலும் அங்கே விலை கூடுதல். ரொட்டி, பழம், தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஒரே நாள்ல ஆஷ்விட்ஸும் உப்புச் சுரங்கமும் காட்டுற டூர் ஒண்ணு பார்த்தோம். ஒரு நாள் மிச்சமாகுமே, எடுத்துக்கலாமா?

வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நாஜிகள் சுமார் 11 லட்சம் மனிதர்களைக் கொன்ற இடம் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ். பெரும்பாலானோர் யூதர்கள். போலந்துக்காரர்கள், ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகளும் அதில் உண்டு. காலையில் அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் அவசரமாக ஒரு சாண்ட்விச்சைத் தின்று, மதியம் உப்பில் செதுக்கிய சரவிளக்குகளின் கீழே நின்று படம் எடுக்க மனம் இடம் கொடுக்காது. கொடுத்தால், காலையில் பார்த்தது உள்ளே இறங்கவே இல்லை என்று பொருள். முதல்முறை போய்வந்த அன்று மாலை ஹாஸ்டல் சமையலறையில் எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் பேசவில்லை. ஒருத்தி அரிசி களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. அந்த நாளுக்குப் பின்னால் வேறு எதையும் வைக்காதீர்கள்.

முதல் நாள் பழைய நகரம், இரண்டாம் நாள் ஆஷ்விட்ஸ், மூன்றாம் நாள் பழைய யூதக் குடியிருப்பான கஷிமியெஷும் ஆற்றுக்கு அப்பாலுள்ள போத்குஜேயும், கடைசி நாள் காலையில் சுரங்கம். நான் எல்லோருக்கும் சொல்வது இந்த வரிசைதான்.

ஆஷ்விட்ஸுக்கு டூர் இல்லாம நாமே போக முடியுமா? டிக்கெட் எவ்வளவு?

தாராளமாகப் போகலாம். நினைவிடத்துக்குள் நுழையக் கட்டணமே இல்லை. ஆனால் நுழைவு அட்டையை அவர்களுடைய அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பெயர் கொடுத்து முன்கூட்டியே எடுக்க வேண்டும். வழிகாட்டியோடு போனால் கட்டணம் உண்டு. வழிகாட்டி இல்லாத இலவச நேரங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் முதலில் இந்த அட்டையை எடுங்கள், ஹாஸ்டலை அப்புறம் பார்க்கலாம். கையில் காசு இருந்தால் வழிகாட்டியோடு போகச் சொல்வேன். அங்கே பலகைகள் சொல்வதைவிட அவர்கள் சொல்வது அதிகம்.

இடம் கிராக்கோவிலிருந்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டர், ஊரின் போலிஷ் பெயர் ஓஷ்வியென்சிம். ரயில் நிலையத்தின் பின்னாலேயே இருக்கும் பஸ் நிலையத்திலிருந்து வண்டி உண்டு, ஒன்றரை மணி நேரம். நினைவிட வாசலிலேயே இறக்கிவிடும் பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள். அட்டையில் உள்ள பெயரும் உங்கள் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். பை 35க்கு 25க்கு 15 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முதுகுப்பையை ஹாஸ்டலிலேயே விட்டுவிடுங்கள். முதல் முகாமைப் பார்த்ததும் இரண்டாம் முகாமான பிர்கெனாவுக்கு இலவசப் பேருந்து இருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று பிர்கெனாவை விட்டுவிட்டு வராதீர்கள். தண்டவாளம் முடியும் இடம்வரை நடந்தால்தான் அந்த முகாமின் பரப்பு புரியும்.

கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறையிலும் 11ஆம் கட்டடத்தின் நிலவறையிலும் படம் எடுக்கத் தடை. மற்ற இடங்களிலும் உங்கள் முகம் வரும்படி எடுக்காதீர்கள்.

நான் சுத்த சைவம். முட்டை ஓகே. பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம். 'பார் ம்லெச்னி' என்று பலகை இருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள். பால் பார் என்று பொருள், மது கிடைக்காது. கம்யூனிஸ்ட் காலத்தில் அரசு மானியத்தோடு பெருகிய எளிய சாப்பாட்டுக் கடைகள் இவை. ஓய்வூதியக்காரரும் மாணவரும் தொழிலாளியும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். கவுண்டரில் சொல்லிப் பணம் கட்டி, சன்னலில் தட்டை வாங்கி, சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். 30 ஸ்வோட்டிக்குள் வயிறு நிறையும்.

கேட்க வேண்டியது 'பியெரோகி ருஸ்கியே': உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து, நம் சோமாசி போல ஓரம் மடித்து வேகவைத்தது. சில கடைகளில் இப்போது 'உக்ரைன் பியெரோகி' என்று எழுதியிருப்பார்கள், பண்டம் ஒன்றுதான். எச்சரிக்கை ஒன்று உண்டு: மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவிக் கொடுப்பார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்றால் அது வேண்டாம் என்று அர்த்தம். வெங்காயம் மட்டும் வதக்கிப் போடுவார்கள். உருளைக்கிழங்கு அடையும் இனிப்புப் பாலாடைக்கட்டி வைத்த தோசை மாதிரியான நலெஷ்னிகியும் உங்களுக்குச் சரிப்படும். சூப்பில் கவனம் தேவை: சிவப்பாக இருக்கும் பீட்ரூட் சூப்கூடப் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் வைப்பதுதான். 'நியே யெம் மியென்சா', நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரவுப் பசிக்கு கஷிமியெஷில் பிளாட்ஸ் நோவி சந்தையின் நடுவே இருக்கும் வட்டக் கட்டடத்துக்குப் போங்கள். நீளரொட்டியில் காளானும் சீஸும் வைத்துச் சுட்ட ஸாப்பியெகாங்கா கிடைக்கும். ஒன்றை இரண்டு பேர் பங்கிடலாம்.

காசை ஏர்போர்ட்லயே மாத்திடலாமா?

கூடாது. நகரத்துக்குள் 'கான்டோர்' என்ற பலகையுள்ள கடைகளில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் எழுதியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருக்கும் கடையில் மாற்றுங்கள். அட்டை எல்லா இடத்திலும் செல்லும். இயந்திரம் 'யூரோவில் கழிக்கவா, ஸ்வோட்டியிலா' என்று கேட்டால் ஸ்வோட்டியையே அழுத்துங்கள். யூரோவைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை.

ஸ்டூடன்ட் கார்டு காட்டினா ரயில்ல பாதி விலையாமே?

அந்த 51 சதவீதச் சலுகை போலந்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு. ஜெர்மன் மாணவர் அட்டையை நம்பிப் பாதி டிக்கெட் எடுத்துவிட்டு ரயிலில் அபராதம் கட்டாதீர்கள். அருங்காட்சியகங்களில் மட்டும் எந்த நாட்டு மாணவர் அட்டையாக இருந்தாலும் எடுத்து நீட்டுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். டிராம் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். வந்த புதிதில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நான் அபராதம் கட்டினேன். அது ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு.

ஜெர்மன் குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பாஸ்போர்ட், அனுமதி அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். எல்லையில் சோதனை வந்தால் ஃபோனில் உள்ள படம் செல்லாது.

காசு செலவழிக்காம என்னென்ன பார்க்கலாம்?

எனக்குப் பிடித்த கேள்வி. கிராக்கோவில் நல்லவற்றில் பாதி இலவசம்.

ரினெக் சதுக்கத்தில் தொடங்குங்கள். 1257இல் நகரத்துக்கு உரிமை கொடுத்தபோது போட்ட திட்டம். பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். மரியாள் தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஒலிக்கும். நாலு திசைக்கும் ஒவ்வொரு முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் பாதியில் சட்டென்று நிறுத்துவார்கள். தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது எச்சரித்த காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்த இடம் அது என்பது ஊர்க் கதை. வாசிப்பவர்கள் தீயணைப்பு வீரர்கள். முடிந்ததும் சன்னலிலிருந்து ஒரு கை அசையும், கீழே நிற்பவர்கள் திருப்பி அசைப்பார்கள். அத்தனை ஆண்டுகளில் நான் அசைக்காமல் கடந்து போனதில்லை.

அங்கிருந்து பழைய மதில் இருந்த இடத்தில் வளைந்து ஓடும் பிளான்ட்டி பூங்கா வழியாக நடந்து, 1364இல் தொடங்கிய யாகெல்லோனியன் பல்கலைக்கழகத்தின் கொலேஜியம் மாயுஸ் முற்றத்தைப் பாருங்கள். கோப்பர்நிக்கஸ் படித்த பல்கலைக்கழகம் இது. பிறகு வாவெல் குன்று. கோட்டை அறைகளுக்குத்தான் டிக்கெட், முற்றத்துக்கு இல்லை. குன்றின் அடியில் ஆற்றங்கரையில் நெருப்பு கக்கும் டிராகன் சிலை உண்டு.

மூன்றாம் நாள் கஷிமியெஷிலிருந்து நடைபாலம் தாண்டி போத்குஜேக்குப் போங்கள். 1941 முதல் 1943 வரை நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி, அதாவது கெட்டோ. சதுக்கத்தில் ஆளில்லாத பெரிய உலோக நாற்காலிகள் வரிசை வரிசையாக நிற்கும். கெட்டோவைக் காலி செய்தபோது தெருவில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களின் நினைவு. அருகே ல்வோவ்ஸ்கா தெருவில் கெட்டோ மதிலின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. அதன் மேல்விளிம்பை வளைவு வளைவாக, கல்லறைக்கல் வடிவில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே, தன் யூதத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரின் தொழிற்சாலை அருங்காட்சியகம். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் வாரத்தில் ஒரு நாள் இலவசம், அந்த நாள் மாறுவதுண்டு. அவரவர் தளத்தில் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். பொழுது சாயும்போது கிராகுஸ் மேடு ஏறினால் ஊர் முழுவதும் தெரியும்.

டிசம்பர்ல வரலாமா?

வரலாம். நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே காலை எட்டுக்கே வெளியே இருங்கள். டிசம்பர் முதல் வியாழனன்று வண்ணத்தாளில் செய்த 'ஷோப்கா' என்னும் கிறிஸ்து பிறப்புக் குடில்களை ரினெக்கில் கவிஞர் மிட்ஸ்கியெவிச் சிலையடியில் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த ஒரு காலைக்காகவே குளிரைப் பொறுக்கலாம்.

ஸாகோபானே மலைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாமா?

நாலு நாளில் வேண்டாம்.

நானும் என் தோழியும் மட்டும் போறோம், பயமில்லையே?

நான் பலமுறை இரவு டிராமில் தனியே வந்திருக்கிறேன், பயந்ததில்லை. ஆனால் இரவில் ஃப்ளோரியான்ஸ்கா தெருப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு 'உள்ளே வாருங்கள், பானம் இலவசம்' என்று கூப்பிடுபவர்கள் நிற்பார்கள். நிற்காமல் நடங்கள். உங்களோடு வரும் தம்பிகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்லுங்கள், அட்டையில் பெரும் தொகையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவசரம் என்றால் 112.

கடைசி நாள் சுரங்கத்துக்குப் போகும்போது பெட்டியை என்ன பண்றது?

ரயில் நிலையத்தில் லாக்கர் இருக்கிறது. அங்கிருந்தே வியெலிச்காவுக்கு உள்ளூர் ரயில், அரை மணிக்குள் போய்விடும். சுரங்கத்தில் மொத்தம் 800 படிகள், அதில் முதல் 380ஐ ஒரே மூச்சில் இறங்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து முடிவெடுங்கள். உள்ளே கோடையிலும் 17, 18 டிகிரிதான், ஒரு மேல்சட்டை வேண்டும். மேலே வர லிஃப்ட் உண்டு. பெட்டியை எடுக்கத் திரும்பும்போது நிலையத்துக்கு வெளியே நீலநிற வண்டியில் ஒப்வஜானெக் விற்றுக்கொண்டிருப்பார்கள்: முறுக்கிய வளைய ரொட்டி, மேலே எள் அல்லது கசகசா. எள் போட்டதை வாங்கி வண்டியிலேயே தின்றுவிடுங்கள், மறுநாள் அது கல்.