ஓட்டுக்குள் திணறும் காடைக் குஞ்சு: எப்போது கை கொடுப்பது?

கேள்வி: புதிதாக வாங்கிய மின்விசிறி உள்ள சிறிய இன்குபேட்டரில் ஜப்பானியக் காடை முட்டைகளை வைத்திருந்தேன். 17ஆம் நாள் பெரும்பாலான குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. ஒரு முட்டையில் மட்டும் நேற்றிரவு சிறு துளை விழுந்தது. உள்ளிருந்து கீச்சொலி கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் இன்று மாலை வரை விரிசல் நகரவில்லை. ஓட்டைப் பிரித்து உதவலாமா? இது இயந்திரக் கோளாறு என்றால் மாற்றித் தரக் கேட்கலாமா?

பதில்: முதலில் குஞ்சைப் பார்ப்போம். துளையிட்ட பிறகு அது அசையாமல் கிடப்பதைத் திணறல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அதுவரை ஓட்டை ஒட்டிய சவ்வின் இரத்தக் குழாய்கள் வழியே உயிர்க்காற்றைப் பெற்ற குஞ்சு, இந்த நேரத்தில்தான் நுரையீரல் மூச்சுக்கு முழுமையாக மாறுகிறது. எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, அந்தக் குழாய்களின் இரத்தமும் உடலுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் நாம் ஓட்டைப் பிரித்துவிட்டால் இரத்தம் கசியும், தொப்புள் மூடாத குஞ்சுதான் கைக்கு வரும். காடை கோழியைவிட விரைவாகப் பொரியும் என்றாலும், துளைக்குப் பின் 12 மணி நேரம் அமைதியாக இருப்பது அசாதாரணமன்று. முழுதாக ஒரு நாள் கடந்தும் மாற்றமில்லை என்றாலோ, ஓட்டைச் சுற்றி வெட்டத் தொடங்கிப் பாதியில் பல மணி நேரம் நின்றுவிட்டாலோதான் தலையிட வேண்டும்.

அதற்கு முன் துளை வழியே சவ்வைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்னும் பொறுத்திருங்கள். காய்ந்து, காகிதம்போல் விறைத்து, மஞ்சளோடிப் போய் இறகில் ஒட்டியிருந்தால் குஞ்சு திரும்பவே இடமின்றி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேறு முட்டைகளிலும் துளை விழுந்திருந்தால், நீங்கள் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரப்பதம் இறங்கி அவற்றின் சவ்வும் காயும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெளிவந்த குஞ்சுகள் உள்வாங்கிய மஞ்சள் கருவைக் கொண்டே ஒரு நாள் தாங்கும். அவற்றை எடுப்பதற்காகத் திறக்க வேண்டியதில்லை.

உதவத்தான் வேண்டும் என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை மட்டும் ஈரப்படுத்துங்கள். அலகின் மூக்குத் துளைகளில் நீர் படவே கூடாது. பின் முட்டையின் அகன்ற முனையில், காற்றறைக்கு மேலுள்ள ஓட்டைச் சாமணத்தால் துணுக்குத் துணுக்காக எடுங்கள். சவ்வில் சிவப்புக் கோடுகள் தெரிந்தால், அல்லது ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும், அங்கேயே நிறுத்தி, கசியும் இடத்தை மெதுவாக அழுத்திவிட்டு, முட்டையைத் திரும்ப உள்ளே வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். கோடுகள் இல்லையென்றால் அகன்ற முனையின் தொப்பியை மட்டும் நீக்கி, மீதியைக் குஞ்சே உதைத்து வெளிவர விடுங்கள். இழுத்து எடுக்காதீர்கள். இவ்வளவு செய்தும் சில குஞ்சுகள் பிழைப்பதில்லை. அதை உங்கள் குற்றமாக எண்ணி வருந்த வேண்டாம்.

இனி இயந்திரம். பல குஞ்சுகள் நலமாகப் பொரிந்திருக்க, ஒன்று சிக்கியதை மட்டும் வைத்துக் குறை சொல்ல இயலாது. பல முட்டைகள் இதேபோல் காய்ந்து நின்றால் சந்தேகிக்கலாம். விசிறி உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அளவிலும், ஈரப்பதம் முதல் இரு வாரம் 45 முதல் 50 சதவீதம், முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திய பின் 65 முதல் 70 சதவீதம் வரையிலும் இருக்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாமல், தனியாக ஒரு வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் முட்டைகளின் உயரத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்தக் கருவிகளையும் முதலில் சோதிப்பது நல்லது: நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் வெப்பமானி 0 காட்ட வேண்டும், ஈர உப்புடன் காற்றுப் புகாத பையில் சில மணி நேரம் வைத்த ஈரப்பதமானி 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

வேறுபாடு தொடர்ந்து ஒரு டிகிரி அளவில் இருந்தால் அது புறக்கணிக்கத்தக்க குறையன்று. இரு அளவீடுகளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, தேதியுடன், பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் இணைத்து விற்றவருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். மூடியை அடிக்கடி திறந்தீர்களா, நீர்த் தொட்டி காய்ந்ததா என்றுதான் அவர் முதலில் கேட்பார். ஆகவே அடுத்த முறை முட்டை வைக்கும்போது அவற்றையும் நாள்வாரியாகக் குறித்து வையுங்கள்.