இரவல் போய் வந்த செயின்சோ: பழுது யாருடையது என்று பிஸ்டனிடம் கேளுங்கள்

கேள்வி: என்னிடம் நாலு வருசமாக ஒரு ஸ்டில் எம்எஸ் 250 செயின்சோ இருக்கிறது. மாரிக் காற்றில் சாய்ந்த தென்னைகளைத் துண்டு போடப் பக்கத்து வளவு அண்ணன் இரவல் வாங்கிப்போனார். மூன்றாம் நாள் கொண்டுவந்து வைத்தார். இப்போது கயிற்றை இழுத்தால் பாரமே இல்லாமல் வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. "நான் ஒண்டும் செய்யல்ல, தந்த மாதிரியேதான் தந்திருக்கன்" என்கிறார். கராஜில் "ஒயில் இல்லாம ஓடி எஞ்சின் பிடிச்சிட்டு" என்கிறார்கள். திருத்தலாமா? செலவை அண்ணனிடம் கேட்பது நியாயமா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: இன்னும் இரண்டு நாளைக்கு அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஒயில் இல்லாமல் ஓடிய எஞ்சினும், எங்கோ காற்றுக் கசிந்து சூடேறிய எஞ்சினும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். முதலாவது இரவல் வாங்கியவரின் பிழை. இரண்டாவது பெரும்பாலும் உங்களுடையது.

தொட்டியில் மிச்சமிருக்கும் பெற்றோலை ஊற்றிவிடாதீர்கள். உங்களிடம் உள்ள முதல் சாட்சி அதுதான். நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெற்றோலோடு கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்குச் சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் போட்டிருப்பார்கள். வழக்கமாக நீங்கள் கலக்கும் பெற்றோலின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். நிறத்தில் சந்தேகம் இருந்தால் வெள்ளைக் கடதாசியில் இரண்டு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெறும் பெற்றோல் ஆவியாகிக் கறையே இல்லாமல் போகும். ஒயில் கலந்தது பிசுபிசுத்த வட்டம் ஒன்றை விட்டுவைக்கும். போத்தலின் அடியில் தனிப்படலமாக ஏதும் தேங்கினால் அது தண்ணீர். பெற்றோலை ஒரு மணித்தியாலம் அசையாமல் வைத்தால்தான் அது தெரியும்.

பிறகு சைலன்சரைக் கழற்றுங்கள். வேலை பத்து நிமிடம்தான். பிளக்கையும் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தால், புகை வெளியேறும் வாசல் வழியாக பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். டோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டனின் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில், செய்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகளோடு இருக்கும். மேலிருந்து கீழாகக் கீறல்கள், இழுபட்டு ஒட்டிய அலுமினியம், அதில் புதைந்த ரிங் தெரிந்தால் பிஸ்டன் போய்விட்டது. கயிறு பாரமில்லாமல் வருவதற்கும் அதுதான் காரணம். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் கம்பிரசன் மானி கிடைத்தால் அளந்து பாருங்கள். இந்த அளவு செயின் வாளுக்கு 150 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் நல்லது. 100க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம்.

கீறல் எந்தப் பக்கம் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. காபரேற்றர் பக்கம், அதாவது காற்று உள்ளே வரும் பக்கம், தேய்ந்து மங்கியிருந்தால் ஒயிலில் பிழையில்லை, தூசுதான் போயிருக்கிறது. எயார் பில்டர் கிழிந்திருக்கும், அல்லது சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கும். நம் கரையோர வளவுகளில் மணலும் தென்னந்தும்பும் சேர்ந்து பில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஆனாலும் பிஸ்டன் தேயும் அளவுக்குத் தூசு போவதென்றால் வழக்கமாக மாதக்கணக்கு வேண்டும். மூன்று நாளில் நடப்பது அரிது. இந்தத் தேய்வை அண்ணனின் தலையில் போடாதீர்கள்.

புகை வாசல் பக்கம் மட்டும் கீறலிருந்து மற்றப் பக்கம் சுத்தமாக இருந்தால் எஞ்சினின் உள்ளேயும் பாருங்கள். பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ரொட்டின் பேரிங்கும், அது சுழற்றும் கிரேங்கின் உட்புறமும் ஒயில் நனைவோடு பளபளத்தால் ஒயில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. காற்று கூடி, பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறியிருக்கிறது. நாலு வருசப் பழைய வாளில் வெடித்த பெற்றோல் குழாய், இறுகிப்போன இம்பல்ஸ் குழாய் (எஞ்சினின் அழுத்தத் துடிப்பைக் காபரேற்றருக்குக் கொண்டுபோவது), தேய்ந்த கிரேங் சீல் (கிரேங்கின் முனையில் காற்றை அடைக்கும் வளையம்) ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இதை ஊகத்தில் முடிவு செய்ய முடியாது. கராஜில் வாசல்களை அடைத்து 0.5 பார் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கக் கூடாது. அதே அளவு வெற்றிடத்தையும் தாங்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கிவிட்டு வெற்றிடத்தில் மட்டும் விடும் சீல்கள் உண்டு என்பதால் இரண்டு சோதனையும் செய்தாக வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றிலும் கீறல், உள்ளே எல்லாம் காய்ந்து பேரிங் நீலம் பாய்ந்திருக்கிறது, போத்தல் பெற்றோலிலும் நிறமில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்: வெறும் பெற்றோலில் ஓடியிருக்கிறது. இதில் கெட்ட எண்ணம் தேட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் தனியாக அடியில் கிடக்கும். பெற்றோல் மட்டும் அடித்துப் பழகியவர் செயின்சோவிலும் அதையே செய்வார். இந்த எஞ்சினுக்கோ அடியில் ஒயில் கிடையாது, பெற்றோலோடு கலந்து வருவதுதான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஒரே நனைவு. ஒரு தொட்டி முடிவதற்குள்ளேயே எஞ்சின் பிடித்து இறுகிவிடலாம்.

பெற்றோலுக்கும் செயின் ஒயிலுக்கும் தனித்தனியாக உள்ள தொட்டிகளை மாற்றி ஊற்றுவது இன்னொரு வகைப் பிழை. செயின் ஒயில் பெற்றோல் தொட்டிக்குப் போனால் புகை கக்கும், பிளக் நனையும், நின்றுவிடும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கழுவி பில்டரை மாற்றினால் சரி. மறுபக்கமாகப் பெற்றோல் செயின் ஒயில் தொட்டிக்குப் போனால் செயின் ஓடும் தகடான பாரும் செயினும் நனைவில்லாமல் எரிந்து நீலமாகும். பாரின் விளிம்பையும் பார்த்துவையுங்கள். செயின் பிரேக் போட்டபடியே முடுக்கியிருந்தால் கிளச் ட்ரம் நீலமாகிப் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருக்கும்.

இனித் திருத்துவது. எம்எஸ் 250க்கு 42.5 மில்லிமீற்றர் பிஸ்டன். சிலிண்டரை உடனே எறிந்துவிடாதீர்கள். உள்ளே தெரியும் கோடுகள் பல வேளை சிலிண்டரின் கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியம். பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு அந்த ஒட்டலில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். இதை வெளியில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் செய்ய வேண்டும். வாசல் ஓரங்களில் அமிலம் வழிந்தால் சிலிண்டரின் அலுமினியத்தையே தின்றுவிடும். பிறகு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தடக்காவிட்டால் பிஸ்டன், ரிங், புதிய கிளிப் போதும். தடக்கினாலோ பூச்சு உரிந்திருந்தாலோ சிலிண்டரோடு சேர்த்து வாங்க வேண்டியதுதான்.

இந்த மாதிரி வாளில் கிரேங்கை அடித்தட்டும் சிலிண்டரும் சேர்ந்து கவ்விப் பிடித்திருக்கும். எனவே எஞ்சின் முழுதும் வெளியே வர வேண்டும். அவ்வளவு கழற்றிய பிறகு இரண்டு கிரேங் சீலையும் பெற்றோல் குழாயையும் மாற்றாமல் மூடுவது வீண் சிக்கனம். அடித்தட்டுக்குப் பெற்றோல் தாங்கும் சீலர்தான் பூச வேண்டும். பிஸ்டனில் உள்ள அம்புக்குறி புகை வாசலைப் பார்க்க வேண்டும். வெறும் பெற்றோலில் ஓடிய எஞ்சினென்றால் கனெக்டிங் ரொட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் தெரிந்தால் கிரேங்கும் போய்விட்டது. அதற்கு மேல் திருத்துவது புது வாளின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அதோடு விட்டுவிடலாம். காற்றுக் கசிவு என்று தெரிந்திருந்தால் அதை அடைக்காமல் புதுப் பிஸ்டன் போடாதீர்கள், அதுவும் அதே வழியில் போகும்.

இப்போது அண்ணன் விடயம். இலங்கையில் இரவலுக்குப் பொருந்துவது ரோமன் டச்சுச் சட்டம். இரவல் வாங்கியவர் கவனமாகப் பாவித்துத் திருப்பித் தர வேண்டும்; தன் பிழையால் வந்த சேதத்துக்குப் பொறுப்பு, சாதாரணத் தேய்மானத்துக்கு இல்லை. எனவே வெறும் பெற்றோல் என்று உறுதியானால் பிஸ்டன், சிலிண்டர், கூலி அவருடையது. நாலு வருசச் சீலும் குழாயும் உங்களுடையது. கசிவோ தூசோ என்றால் முழுச் செலவும் உங்களுடையது. கல்லில் பட்டு மழுங்கிய செயினை எந்த நிலையிலும் அவர்தான் தீட்டித் தரவேண்டும். பெற்றோல் எப்படிக் கலப்பது என்று கொடுக்கும்போது நீங்கள் சொல்லவே இல்லையென்றால் பாதிக்குப் பாதி என்று பேசுவதுதான் எங்களுக்கு நியாயமாகப் படுகிறது. பழைய பிஸ்டனையும் அந்தப் போத்தலையும் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். வாய்ப்பேச்சு பாதி குறையும். அப்படியும் ஒத்துவராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம். ஒரு பிஸ்டனுக்காக வேலிக்கு இருபுறமும் பேச்சில்லாமல் போவது என்னவோ அதைவிடச் செலவான காரியம்.

அடுத்த முறை கொடுப்பதானால் கலந்த பெற்றோலையும் கானில் ஊற்றி வாளோடு கொடுங்கள். ஸ்டில் டூ ஸ்ட்ரோக் ஒயிலென்றால் 50:1, அதாவது 5 லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். கலந்ததை 30 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். இரண்டு மூடியையும் தொட்டுக்காட்டி, எஞ்சின் ஓடும் சத்தத்தைப் போனில் பதிவுசெய்துவிட்டுக் கொடுங்கள். எந்த மரத்துக்கென்றும் கேளுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும், வேண்டுகோள் போவது பிரதேச செயலகத்துக்கு. அனுமதி இல்லாத இடத்தில் உங்கள் வாள் பிடிபட்டால் அது இந்தப் பிஸ்டனைவிடப் பெரிய தலையிடி.