மல்லாட்டைக் கொல்லையில் 'ஹாக்வீட்': மூக்கிரட்டையைக் கண்டு பயப்பட வேண்டுமா?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். கொல்லை முழுக்க மூக்கிரட்டை மண்டிவிட்டது. பையன் போனில் படம் பிடித்துப் பார்த்தால் 'ஹாக்வீட்' என்று வருகிறது. அந்தப் பேரைத் தேடினால், சாறு பட்ட இடம் வெந்து கொப்புளம் வரும் என்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து களை எடுக்க வருகிறவர்கள் தயங்குகிறார்கள். ஆனால் நாங்கள் இதைக் கீரையாகச் சமைக்கிறோம், ஆடும் மேய்கிறது. வேரைக் காயவைத்துக் கொடுத்தால், கலப்பு இருக்கிறது, லத்தீன் பேர் போட்டுச் சுத்தமாகக் கொடுங்கள் என்று மூலிகை வியாபாரி திருப்பிவிட்டார். மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு விவசாயி, வேலூர் மாவட்டம்

பதில்: ஐயா, தாராளமாகக் களைக்கு ஆள் கூப்பிடுங்கள். உங்கள் பையனின் போன் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறது. பன்றி தின்னும் களை என்ற பொருளில் ஆங்கிலேயர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல செடிகளை 'ஹாக்வீட்' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் மூக்கிரட்டைக்கும் அந்தப் பேர் உண்டு, தோலைப் பொசுக்கும் செடிக்கும் உண்டு.

பொசுக்குகிற செடி காகசஸ் மலைப் பக்கத்தது. 'ஹெராக்ளியம் மாண்டெகாசியானம்' என்று 1895-ல் பேர் வைத்தார்கள். முதல் சொல் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸை வைத்து வந்தது. இரண்டாவது, பவுலோ மாண்டெகாசா என்ற இத்தாலிய அறிஞரின் பேரில். கொத்தமல்லி, சீரகம், கேரட் எல்லாம் சேர்ந்த ஏபியேசி குடும்பம். ஆளை விட உயரமாக, 3 முதல் 5 மீட்டர் வரை வளர்ந்து, குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூ பூக்கும். அதன் சாற்றில் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால்தான் வேக்காடு. எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்று சிலருக்குத் தோல் கருக்கிறதே, அதற்கும் இதே வகைப் பொருள்தான் காரணம். அந்தச் செடியின் விதை முளைக்கவே பல வாரம் குளிரும் ஈரமும் வேண்டும். வேலூர் வெயிலில் அதற்கு வழியே இல்லை.

உங்கள் முதல் இரண்டு படத்தில் இருப்பது அசல் மூக்கிரட்டை: 'போயர்ஹாவியா டிஃப்யூசா'. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் தன் புத்தகத்தில், ஹெர்மன் போயர்ஹாவ என்ற டச்சு மருத்துவரின் நினைவாக வைத்த பேர். குடும்பம் நிக்டாஜினேசி. காகிதப்பூவும் அந்திமந்தாரையும் இதற்குப் பங்காளிகள். ஐரோப்பாவின் சாதாரண ஹாக்வீட்டான 'ஹெராக்ளியம் ஸ்பாண்டிலியம்' கூட அதே 1753 புத்தகத்தில்தான் இருக்கிறது, ஆனால் வேறு பேரினத்தில் (லத்தீன் பேரின் முதல் சொல்தான் பேரினம்). பூவையும் காயையும் பார்த்துப் பிரிப்பதுதான் தாவரவியல். பன்றி எதைத் தின்கிறது என்பது அதில் கணக்கில்லை.

வியாபாரி திருப்பிய விஷயத்துக்கு வருகிறேன், காசு அதில்தானே இருக்கிறது. உங்கள் மூன்றாவது படம் மூக்கிரட்டையே இல்லை, சாரணை. 'ட்ரையாந்திமா போர்டுலகாஸ்ட்ரம்', ஐசோயேசி குடும்பம். பழைய புத்தகங்களில் 'ட்ரையாந்திமா மோனோகைனா' என்று இருந்தாலும் இதுதான். இரண்டும் தரையில் படரும், இரண்டிலும் எதிரெதிர் இலையில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அதனால்தான் கைதேர்ந்தவர்களும் ஏமாறுகிறார்கள். போதாததற்கு, மூக்கிரட்டையின் வடமொழிப் பேரான புனர்நவாவை ஒட்டி, சாரணையை வெள்ளைப் புனர்நவா என்றும் விற்கிறார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். மூக்கிரட்டைப் பூ குண்டூசித் தலை அளவில், ஊதா கலந்த சிவப்பில், இலையை விட்டு வெளியே நீட்டிய மெல்லிய காம்பில் இருக்கும். காய் ஐந்து வரி ஓடிய சின்னக் கதாயுதம் போல. வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். சாரணைத் தண்டை நசுக்கினால் தண்ணீர் விடும், பூ இலைக்காம்பின் அடியில் உறைக்குள் ஒளிந்திருக்கும், காய் மூடி கழன்று கறுப்பு விதை கொட்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: சாலையோரம் நிமிர்ந்து வளர்ந்து, ஒட்டாத, நுனி வெட்டினாற்போன்ற காயோடு இருந்தால் அது 'போயர்ஹாவியா எரெக்டா'. பேரினம் ஒன்றுதான், ஆனாலும் வியாபாரி கேட்ட சரக்கு அதுவல்ல.

பில்லில் 'போயர்ஹாவியா டிஃப்யூசா' என்று இரண்டு சொல்லும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் சொல்லின் நடுவில் 'ஏ' (a) எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை போடுபவர்கள் உண்டு. லின்னேயஸ் நடுவில் ஒரு 'ஏ' தான் போட்டார் (Boerhavia), அதுவே செல்லும். லத்தீன் பேரும் ஆய்வுக்கு ஏற்ப மாறும் என்பது நிஜம். நீலகிரிப் பக்கம் காணப்படும் 'ஹெராக்ளியம் ரிஜென்ஸ்' இப்போது 'டெட்ராடேனியம்' பேரினத்துக்குப் போய்விட்டது. வட ஆற்காடு 1989-ல் பிரிந்து, வேலூர் 2019-ல் மறுபடி பிரிந்த கதைதான். பட்டாவில் பேர் மாறும், நிலம் அங்கேயேதான் இருக்கும்.

களை எடுக்கிறவர்களுக்கு நிஜமாகவே அரிப்பு வந்தால், கொல்லையில் பார்த்தீனியம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நம் பக்கம் தோல் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதை மட்டும் கையுறை போட்டு, பூக்கும் முன் பிடுங்கச் சொல்லுங்கள்.

ஆடு மூக்கிரட்டையை மேயட்டும். சாரணையில் ஆக்சலேட் என்ற, அளவு மிஞ்சினால் ஆட்டுக்கு ஆகாத பொருள் அதிகம். அது மட்டுமே அடர்ந்த இடத்தில் பசியோடு அவிழ்த்துவிடாமல், முதலில் கொஞ்சம் காய்ந்த தீவனம் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

சாரணை விதையில் வருவது. அதனால் காய் முற்றும் முன், மல்லாட்டை விதைத்த 20 நாள் வாக்கில் முதல் களை எடுத்துவிட வேண்டும். மூக்கிரட்டைக்கு ஆணிவேர் ஆழம். மேலே அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். மழை விட்ட ஈரத்தில் கடப்பாறையால் நெம்பி வேரோடு எடுங்கள், விற்கிற சரக்கும் முழுசாகக் கிடைக்கும். பிடுங்கும்போதே இரண்டையும் தனித்தனிக் கூடையில் போடச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு வேரை வைத்துப் பிரிப்பது எனக்கே கஷ்டம். சந்தேகம் வந்தால் பூ, காய், வேர் மூன்றும் உள்ள ஒரு செடியைத் தினத்தாளில் மடித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.